வீட்டுக்குள் கீரை வளர்ப்போர் கவனத்திற்கு: எல்இடி விளக்கின் ஒளியை அளப்பது எப்படி? சரிசெய்வது எப்படி?

ஈப்போ - தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் பின்கட்டில் நான்கு பாத்தி கீரை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. ரப்பர் மரங்கள் செம்பனையாயின. செம்பனை நிலங்கள் பல இடங்களில் தாமான்களாயின. சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் மக்களில் பலர் இன்று மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். அங்கே மண்ணும் இல்லை, வெயிலும் இல்லை. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரிகிறது.

அந்த இடத்தைத்தான் இப்போது எல்இடி வளர்ப்பு விளக்குகள் பிடித்து வருகின்றன. இணைய வணிகத் தளங்களில் இருபது முப்பது ரிங்கிட்டுக்கே கிடைக்கின்றன. ஆனால் வாங்கியவர்களிடம் பேசினால் ஒரே புலம்பல். "விளக்கு நல்லாத்தான் எரியுது, கீரைதான் நூலா நிக்குது."

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பாட்டிக்காக ஊதா நிற விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். பத்தாம் நாள் தண்டுக்கீரை நாற்றுகள் விரல் நீளத்துக்கு வெளிறி வளர்ந்து சாய்ந்தன. "இதுக்கு வெளிச்சம் பத்தலடா" என்றார் பாட்டி. அறை முழுவதும் ஊதாவாக ஒளிர்கிறதே, எப்படிப் பத்தாமல் போகும் என்று கேட்டேன். பாட்டி சொன்னதே சரி என்று அளந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

அளக்கும் முறையையும் சரிசெய்யும் முறையையும் வாசகர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கும் வகையில் இங்கே தொகுத்திருக்கிறோம்.

கண்ணுக்கான வெளிச்சம் வேறு, இலைக்கான வெளிச்சம் வேறு

மனிதக் கண் வெளிச்சத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால் வெளிச்ச அளவைக் கணிப்பதில் அது நம்மை ஏமாற்றிவிடும். இரவில் விளக்குப் போட்ட வரவேற்பறையில் 150 முதல் 300 லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். நண்பகல் வெயிலில் அது ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். முந்நூறு மடங்குக்கும் மேலான வேறுபாடு. இரண்டு இடத்திலும் நமக்குச் செய்தித்தாள் படிக்க முடிகிறது. இலைக்கோ முதல் இடம் இருட்டு.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணை அடிப்படையாகக் கொண்ட அளவு. நம் கண் பச்சை, மஞ்சள் நிறங்களை அதிகம் உணரும். ஆழ்ந்த சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவே உணரும். இலை அப்படியல்ல. 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள எல்லா ஒளியையும் அது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது. கீத் மெக்கிரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை நிறம் நிறமாகச் சோதித்து 1972ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகள் இதற்கு அடிப்படை. பச்சை ஒளியும் இலைக்குப் பயன்படுகிறது என்பது அந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது. எனவே ஊதா விளக்குதான் செடிக்கு உகந்தது, வெள்ளை விளக்கு வீண் என்ற விளம்பரப் பேச்சை நம்ப வேண்டியதில்லை. வெள்ளை எல்இடியில் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் இருக்கின்றன. இலையின் உண்மையான நிறம் அதில் தெரிவதால் நோயையும் பூச்சியையும் எளிதில் கண்டுபிடிக்கலாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று அளவுகள்

முதலாவது லக்ஸ். கைப்பேசியும் மலிவான ஒளிமானியும் காட்டுவது இதைத்தான்.

இரண்டாவது பிபிஎஃப்டி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதை மைக்ரோமோல் கணக்கில் சொல்லும் அளவு இது. டஜன் என்றால் பன்னிரண்டு என்பதுபோல் மோல் என்பதும் மிகப் பெரிய ஓர் எண்ணிக்கைக்கு வைத்த பெயர்தான். மைக்ரோமோல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நண்பகல் வெயிலில் சுமார் 2,000 மைக்ரோமோல் கிடைக்கும். இதை நேரடியாக அளக்கும் கருவியின் விலை பெரும்பாலும் ஈராயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையில்லை.

மூன்றாவது டிஎல்ஐ, அதாவது ஒரு நாள் முழுக்கச் செடிக்குக் கிடைத்த மொத்த ஒளி. மழையை மணிக்கு எவ்வளவு பெய்தது என்று அளப்பது பிபிஎஃப்டி என்றால், நாள் முழுக்கத் தொட்டியில் எவ்வளவு நிரம்பியது என்று பார்ப்பது டிஎல்ஐ. செடியின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த மூன்றாவது அளவுதான்.

மூன்றையும் இணைக்கும் கணக்கு எளிது.

வெள்ளை எல்இடி என்றால்: லக்ஸ் ÷ 70 = பிபிஎஃப்டி
சூரிய ஒளி என்றால்: லக்ஸ் ÷ 54 = பிபிஎஃப்டி
பிபிஎஃப்டி × எரியும் மணி நேரம் × 0.0036 = டிஎல்ஐ

வெள்ளை எல்இடி ஒவ்வொன்றின் நிறக் கலவையும் சற்று மாறுவதால் 70 என்பது 65க்கும் 75க்கும் இடையில் அமையலாம். வீட்டுக் கீரைக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. ஆனால் ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் சிவப்பையும் நீலத்தையும் லக்ஸ் மிகக் குறைத்துக் காட்டும்.

கைப்பேசியாலேயே அளக்கலாம்

பெரும்பாலான ஆண்ட்ராய்டு விவேகக் கைப்பேசிகளின் முன்புறத்தில், திரையின் மேல் ஓரத்தில் ஒளியுணரி இருக்கும். இலவச லக்ஸ் செயலி ஒன்றைப் பதிவிறக்கம் செய்தால் அதன் அளவைப் படிக்கலாம். ஐபோனில் இத்தகைய செயலிகள் படக்கருவியைக் கொண்டு கணிக்கின்றன. பள்ளி அறிவியல் அறையில் லக்ஸ் மானி இருந்தால் அதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசி 8,000 காட்டும் இடத்தில் மானி 10,000 காட்டினால், அந்த விளக்கின் கீழ் கைப்பேசி காட்டும் எண்ணை எப்போதும் 1.25 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். ஒப்பிட வழியில்லை என்றாலும் பரவாயில்லை. எந்த மூலையில் அதிகம், எந்த மூலையில் குறைவு என்பதைக் கைப்பேசி சரியாகவே சொல்லிவிடும்.

அளக்கும் படிகள்:

1. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துத் திரைச்சீலையை மூடுங்கள். வளர்ப்பு விளக்கை மட்டும் பத்து நிமிடம் எரிய விடுங்கள்.

2. கைப்பேசியை இலையின் உச்சி மட்டத்தில், திரை மேல் நோக்கி இருக்கும்படி வையுங்கள். தொட்டி மண்ணின் மட்டத்தில் அளப்பது பலரும் செய்யும் தவறு. ஒளியை வாங்குவது மண் அல்ல, இலை.

3. நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு என ஐந்து இடங்களில் அளந்து தாளில் குறியுங்கள். உங்கள் தலையோ கையோ நிழல் போடக் கூடாது.

4. ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுங்கள். அதுவே உங்கள் தட்டின் சராசரி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நடுவில் 15,400 லக்ஸ். மூலைகளில் 9,800, 9,100, 10,500, 11,200 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 56,000. ஐந்தால் வகுத்தால் சராசரி 11,200 லக்ஸ். இதை 70ஆல் வகுத்தால் 160 மைக்ரோமோல். விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் 160 × 14 × 0.0036 = ஏறக்குறைய 8 மோல்.

திறந்த வெளியில், தெளிந்த நாளில் நம் நாட்டு வெயில் 40 மோல் அளவுக்குக் கொடுக்கும். அதோடு ஒப்பிட்டால் 8 என்பது ஐந்தில் ஒரு பங்குதான். நாற்றுக்கு இது போதும். கொத்தமல்லியும் புதினாவும் மெதுவாக வளரும். தண்டுக்கீரைக்குப் போதாது. நாளுக்கு 12 மோல் வேண்டுமென்றால் அதே 14 மணி நேரத்தில் 238 மைக்ரோமோல், அதாவது சுமார் 16,700 லக்ஸ் கிடைக்க வேண்டும். விளக்கைத் தாழ்த்த வேண்டும் அல்லது இன்னொன்று சேர்க்க வேண்டும் என்பதை இந்த எண் சொல்லிவிடுகிறது.

எந்தச் செடிக்கு எவ்வளவு?

வெள்ளை எல்இடியின் கீழ் இலை மட்டத்தில் கிடைக்க வேண்டிய அளவுகளைத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்.

முளைத்த நாற்று: 100 - 200 மைக்ரோமோல் (7,000 - 14,000 லக்ஸ்)
கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை: 150 - 250 (10,500 - 17,500 லக்ஸ்)
சாலட் இலை, சாவி: 200 - 250 (14,000 - 17,500 லக்ஸ்)
தண்டுக்கீரை, சிவப்புக்கீரை: 250 - 400 (17,500 - 28,000 லக்ஸ்)
காய்க்கும் பருவத்தில் சில்லி பாடி, தக்காளி: 400 - 600 (28,000 - 42,000 லக்ஸ்)

கறிவேப்பிலையும் முருங்கையும் வெயில் மரங்கள். அவற்றைச் சிறு விளக்கின் கீழ் காப்பாற்ற முயல்வது செடிக்கும் பணத்துக்கும் கேடு. வெயில் படும் நடைபாதையிலோ கீழ்த்தள ஓரத்திலோ அனுமதி பெற்றுத் தொட்டியில் வைப்பதே நல்லது.

சரிசெய்ய நான்கு வழிகள்

உயரம்: ஒற்றைக் குமிழ் விளக்கைச் செடியிலிருந்து 20 செண்டிமீட்டரில் வைத்தால் கிடைக்கும் ஒளி, 40 செண்டிமீட்டருக்கு உயர்த்தினால் ஏறக்குறைய கால்பங்காகக் குறையும். தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற விதிதான் காரணம். நீளமான குழல் விளக்கிலும் அகலப் பலகை விளக்கிலும் இந்த வீழ்ச்சி மெதுவாக இருக்கும். விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டால் கண்ணி கண்ணியாக இறக்கி ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கலாம்.

நேரம்: விளக்கு போதாதபோது நேரத்தைக் கூட்டலாம். மேலே கண்ட 160 மைக்ரோமோல் விளக்கை 14க்குப் பதிலாக 16 மணி நேரம் எரித்தால் 8 மோல் 9.2 ஆகும். ஆனால் எல்லாச் செடிக்கும் இது ஒத்துவராது. காரணம் கீழே உள்ளது. இதற்கு நேரக்கட்டுப்பாட்டுச் சுவிட்ச் வாங்கிப் போடுவது நல்லது. மறதியால் நாளுக்கு நாள் மாறும் வெளிச்சம் செடியைக் குழப்பும்.

ஓரம்: மூலைகளில் ஒளி குறைவாக இருந்தால் மூன்று பக்கமும் வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். வெளியே சிதறும் ஒளி திரும்பி வரும். செலவே இல்லாத வழி இது. அட்டை விளக்கைத் தொடக் கூடாது. வாரம் இருமுறை தொட்டிகளை நடுவுக்கும் ஓரத்துக்கும் மாற்றி வைத்தால் வளர்ச்சி சமமாகும்.

படிப்படியாக: குறைந்த ஒளியில் வளர்ந்த செடிக்கு ஒரே நாளில் இருமடங்கு ஒளி கொடுக்காதீர்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுத்துச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

செடியே சொல்லிவிடும்

தண்டு நீண்டு, இலைகளுக்கு இடையே இடைவெளி கூடி, நிறம் வெளிறி, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒளி போதவில்லை. உச்சி இலைகள் மட்டும் வெளுத்து, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, கீழ் இலைகள் பச்சையாகவே இருந்தால் ஒளி மிகுதி. அடி இலைகள் மஞ்சளானால் அது பெரும்பாலும் உரக்குறைவோ நீர் தேக்கமோதான். விளக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

சூட்டையும் ஒளியையும் பிரித்தறிய, புறங்கையை இலை மட்டத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். கைக்குச் சுட்டால் இலைக்கும் சுடும். ஊதா விளக்கு வைத்திருப்பவர்களுக்கு லக்ஸ் கணக்கு உதவாது என்பதால் இந்த அறிகுறிகளே வழிகாட்டி.

இருட்டுக்கும் வேலை உண்டு

ஒளி செடிக்கு உணவு தயாரிக்க உதவுகிறது; அதுவே கடிகாரமாகவும் இருக்கிறது. இரவின் நீளத்தை உணர்ந்து பூக்கும் செடிகள் பல உண்டு. 1920ஆம் ஆண்டு கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலைச் செடியை வைத்து இதை நிறுவினர். நம் முன்னோர் அதற்கு முன்பே நடைமுறையில் அறிந்திருந்தனர். பழைய சம்பா நெல் வகைகள் பகல் குறுகும் பருவத்தில்தான் கதிர் விடும் என்பதால்தான் அவற்றுக்குப் பட்டம் பார்த்து விதைத்தார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஈப்போவிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு இரவில் ஏறியவர்கள் மலைச்சரிவில் பந்தல்கள் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வளரும் சாமந்தி வகைகள் நீண்ட இரவு கிடைத்தால் மொட்டு விடும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். அப்படியே விட்டால் தண்டு நீளும் முன்பே பூத்துவிடும். எனவே விளக்கால் இரவை உடைத்துத் தண்டை வளர்க்கிறார்கள். பிறகு விளக்கை நிறுத்தி மொட்டு விட வைக்கிறார்கள். இதற்கு மங்கலான வெளிச்சமே போதும். வியட்நாமின் பின் துவான் வட்டாரத்தில் டிராகன் பழத் தோட்டங்களில் இரவு விளக்கு எரிவதும் இரவை உடைக்கத்தான். அங்கே பருவமில்லாக் காலத்தில் பூக்க வைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டுக் கீரைக்கு இதில் பாடம் உண்டு. கொத்தமல்லிக்குப் பகல் நீண்டால் இலையை விட்டுவிட்டுச் சீக்கிரமே பூவுக்குப் போய்விடும். எனவே அதற்கு 12 மணி நேரத்தை ஒட்டியே ஒளி கொடுங்கள். நேரத்தைக் கூட்டாமல் விளக்கைத் தாழ்த்துங்கள். எந்தச் செடிக்கும் 24 மணி நேரமும் விளக்கை எரிய விடாதீர்கள்.

பெட்டியில் உள்ள வாட் எண்ணை நம்பலாமா?

"1000 வாட்" என்று பெரிதாக எழுதிய விளக்கு உண்மையில் 100 வாட்டுக்கும் குறைவாக மின்சாரம் எடுக்கலாம். அந்த எண் பழைய வகை விளக்குக்குச் "சமானம்" என்று விற்பனையாளர் வைத்துக்கொண்டது. பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் உண்மையான மின்பயன்பாட்டைப் பாருங்கள்.

அதிலிருந்து ஒளியைக் கணிக்கவும் முடியும். நடுத்தரமான எல்இடி ஒரு வாட்டுக்கு விநாடிக்குச் சுமார் 2 மைக்ரோமோல் கொடுக்கும். 30 வாட் என்றால் 60. அதில் 80 விழுக்காடு செடித்தட்டில் விழுந்தால் 48. தட்டின் பரப்பு அரை மீட்டருக்கு அரை மீட்டர், அதாவது கால் சதுர மீட்டர் என்றால் 48 ÷ 0.25 = 192 மைக்ரோமோல். ஒரு தட்டுக் கொத்தமல்லிக்கு இது போதும். ஐந்து வாட் குமிழ் ஒன்றை வைத்துக்கொண்டு அலமாரி நிறையக் கீரை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கட்டணம், மின்பாதுகாப்பு, கொசு

30 வாட் விளக்கு நாளுக்கு 14 மணி நேரம், 30 நாள் எரிந்தால் 12.6 யூனிட். ஒரு யூனிட் 40 சென் என்று வைத்துக் கணக்கிட்டால் மாதம் 5 ரிங்கிட் 4 சென். உங்கள் கட்டண ரசீதில் உள்ள விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஐந்தாறு கட்டுக் கீரை வந்தால்தான் அது கட்டுப்படியாகும்.

சிரிம் முத்திரை உள்ள செருகியையும் நீட்டிப்புக் கம்பியையும் மட்டுமே பயன்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றும் முன் விளக்கை அணையுங்கள். மின்கம்பி செருகியை நோக்கிப் போகும் வழியில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். சொட்டும் நீர் அங்கேயே விழுந்துவிடும். ஒரே நீட்டிப்பில் அரிசிக் குக்கரையும் விளக்கையும் சேர்க்க வேண்டாம். குழந்தைகள் விளக்கை நேராகப் பார்க்காதபடி மறைப்பு வையுங்கள்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப் பெருக்கத்துக்கு இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

இணைய அட்டவணையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

வளர்ப்பு விளக்கு பற்றி இணையத்தில் தேடினால் வரும் காணொளிகளிலும் அட்டவணைகளிலும் பெரும்பகுதி, கஞ்சா வளர்ப்பை அனுமதிக்கும் வெளிநாடுகளில் அந்தச் செடிக்காகவே தயாரிக்கப்பட்டவை. 600, 900 மைக்ரோமோல் என்று அவை சொல்வதைக் கொத்தமல்லிக்குக் கொடுத்தால் இலை வெளுத்து, மின்கட்டணம் எகிறும். நம் நாட்டில் அந்தச் செடியைப் பயிரிடுவதே 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவின் கீழ் பெருங்குற்றம். நீண்ட சிறைவாசமும் பிரம்படியும் உண்டு. வீட்டுக்குள் ஒரு செடிதானே என்ற வாதம் எடுபடாது. ஆர்வத்தில் இணையத்தில் விதை வாங்கும் இளையோருக்குப் பெற்றோர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் சன்னலை அளந்து பாருங்கள்

விளக்கு வாங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் காலை 9, நண்பகல் 12, மாலை 4 என மூன்று வேளையும் ஒவ்வொரு சன்னல் ஓரத்திலும் கைப்பேசியை வைத்து அளந்து பாருங்கள். சன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியும் அளங்கள். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது வியப்பாக இருக்கும். ஏதேனும் ஓர் இடத்தில் நாள் முழுக்க 10,000 லக்ஸ் சராசரியாகக் கிடைத்தால் புதினாவுக்கு விளக்கே வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஊதா விளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு வெள்ளைக் குழல் விளக்குகளைப் பாட்டியின் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டினோம். மூன்று பக்கமும் வெள்ளை அட்டை. இலை மட்டத்தில் சராசரி 18,000 லக்ஸ். அடுத்த முறை விதைத்த தண்டுக்கீரை நிமிர்ந்து நின்றது. நான்காவது வாரம் பாட்டி கிள்ளிப் பருப்போடு கடைந்தார். இப்போது தினமும் காலையில் கைப்பேசியை நீட்டி, "இன்னிக்கு எவ்வளவு காட்டுதுன்னு பாரு" என்கிறார். நான் எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் அவர் இலையைத் தடவிப் பார்த்துப் பதிலைச் சொல்லிவிடுகிறார்.